சூட்டோட பிரிட்ஜில வைக்கலாமோ, வைக்கேலாதோ?

வெள்ளவத்தைவாசி, இரவு 8.41
காலமை ஒரு ஆள் இங்க எழுதிப்போட்டிருந்தார்: "இறைச்சிக்கறியை நல்லாக் கொதிக்கவிட்டு இறக்கினா விடியுமட்டும் மூடி வெளியில வைக்கலாம். சூட்டோட வைச்சா பிரிட்ஜும் பழுது, கறியும் பழுது." அதுக்கு நாப்பது பேர் கைதட்டல் வேற. வாசிச்சதில இருந்து எரிச்சல் அடங்கேல்லை. இந்தச் சித்திரையில இரவிலையும் வெக்கை குறையுதில்லை. சமைச்ச சாப்பாட்டை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வெளியில வைக்கக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. விடியுமட்டும் எண்டு எழுதினவர் ஆர்? முன்னுக்கு வாங்கோ.

தாச்சி, 8.52
நான்தான். வந்திட்டன். 31 வருசம் கலியாணவீட்டுச் சமையல். என்ர கறி திண்டு ஒருத்தரும் படுக்கேல்லை. ஆறாமல் வைக்கிறது பிழை எண்டால் பிழைதான். இப்பவும் எட்டு மணிக்கு இறக்கின ஆட்டிறைச்சிக்கறி பெரிய சருவத்தில மேசையில இருக்கு. நாளைக்கு மகன் வீட்டில பதினைஞ்சு பேர். வந்து பாருங்கோ.

கொட்டாஞ்சேனை அக்கா, 9.03
ஒருத்தரும் படுக்கேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணை? கலியாணத்துக்கு வந்தவை அடுத்தநாள் வயித்தோட்டம் எண்டு உங்களுக்கோ கோல் எடுப்பினம்? பெரிய சட்டி இறைச்சிக்கெண்டே ஒரு கிருமி இருக்கு, குளொஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ். கொதிக்கவைச்சாலும் அதின்ர வித்து சாகாது. கறி மெல்ல மெல்ல ஆறேக்க, 43 பாகைக்கும் 47 பாகைக்கும் இடையில நிக்கேக்க, பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் ரெட்டிக்கும். பெரிய சருவத்தின்ர நடுவில அந்தச் சூடு சுகமா மணித்தியாலக்கணக்கில நிக்கும்.

தாச்சி, 9.07
மூடியில கையை வை. சுட்டா ஆறேல்லை, சுடாட்டி ஆறிட்டுது. இதுக்கு வாயில நுழையாத கிருமிப்பேர் என்னத்துக்கு?

வெள்ளவத்தைவாசி, 9.10
ரெண்டு மணித்தியாலம். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ.

தாச்சி, 9.12
எப்ப இருந்து ரெண்டு மணித்தியாலம்? அடுப்பை நிப்பாட்டினதில இருந்தோ, ஆவி நிண்டதில இருந்தோ, நாங்கள் சாப்பிட்டு எழும்பினதில இருந்தோ? முதல்ல அதைச் சொல்லும்.

வெள்ளவத்தைவாசி, 9.13
ரெண்டு எண்டா ரெண்டு.

ஸ்காபரோ மருமகன், 9.21
ரெண்டு பேரும் பிழை. அமெரிக்க உணவுச் சட்டக்கோவையைப் பாருங்கோ: 57 பாகையில இருந்து 21க்கு ரெண்டு மணித்தியாலம், பிறகு 5க்கு இறங்க இன்னும் நாலு மணித்தியாலம். ஆறுறது எண்டது ஒரு கட்டம் இல்லை, ரெண்டு கட்டம்.

தாச்சி, 9.26
கனடாவில தை மாசம் பல்கனிக் கதவைத் திறந்தா கறி ஐஸ்கட்டி. வெயிலே காணாத ஆள் எங்களுக்கு ஆறுறதைப் பற்றி வகுப்பெடுக்கிறார்.

ஸ்காபரோ மருமகன், 9.29
2022இல பதின்மூண்டு மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருக்கேக்க ஆர் அனுப்பின டொலரில இன்வேட்டர் பூட்டினீங்கள் எண்டதையும் எழுதுங்கோவன்.

தாச்சி, 9.30
எனக்கு ஒருத்தரும் அனுப்பேல்லை. என்ர வீட்டில இன்வேட்டரும் இல்லை. அந்தப் பதின்மூண்டு மணித்தியாலமும் பிரிட்ஜ் வெறும் அலுமாரிதான். அப்ப எங்களைக் காப்பாத்தினது கொதிக்கவைக்கிற பழக்கம்.

தெமட்டகொட நானா, 9.44
கொதிக்க வெச்சா எல்லாம் சரியாப் போகும்னு நெனக்காதீங்க. எங்கட ஊட்டுல சஹன் புரியாணி (பெரிய தட்டுல எல்லாரும் சேந்து திங்கிறது) மிஞ்சினா, ராத்தா தட்டையான ட்ரேல பரப்பி, ஃபேன் போட்டு, கொஞ்ச நேரத்துல உள்ள வெச்சிருவா. சோறுதான் மோசம். பசிலஸ் சீரியஸ்னு ஒன்டு சோத்துல நஞ்சு வெச்சிட்டா, திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. கிருமி சாகும், நஞ்சு அப்படியே கெடக்கும்.

தாச்சி, 9.49
அப்ப பழஞ்சோறு? எங்கட அப்பு எழுபத்தெட்டு வயசுமட்டும் பழஞ்சோறுதான் குடிச்சவர்.

கொட்டாஞ்சேனை அக்கா, 9.55
பழஞ்சோறு தண்ணி விட்டுப் புளிக்கவைக்கிறது. அந்தப் புளிப்பு வேற கிருமியளை லேசில வளர விடாது. உங்கட ஆட்டிறைச்சி புளிக்காது அண்ணை, ஊசும். ரெண்டையும் ஒரு சட்டியில போடாதேங்கோ.

சொல்திருத்தி, 10.02
விவாதம் நடக்கட்டும். ஆனால் "பிரிட்ஜ்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டி.

தாச்சி, 10.04
அதை எழுதி முடிக்க முதல் கறி பழுதாப்போம்.

சொல்திருத்தி, 10.05
உங்கள் கணக்குப்படி விடியும்வரை பழுதாகாதே?

வெள்ளவத்தைவாசி, 10.18
(அது நல்ல கேள்வி.) பிரிட்ஜ் பழுதாப்போம் எண்டதுக்கும் வாறன். பழுதாகாது, மோட்டர் கொஞ்சம் கூட நேரம் ஓடும், அவ்வளவுதான். பிழை எங்க எண்டால், கொதிக்கிற சருவத்தை அப்பிடியே உள்ளுக்குத் தள்ளினா பக்கத்தில இருக்கிற பாலும் மீனும் சூடாகும், நடுவில கறியும் கெதியா ஆறாது. அதாலதான் ரெண்டு அங்குலத்துக்கு மேல நிக்காமல் சின்னச் சின்ன ஏதனத்தில பிரிக்கச் சொல்லுறது. பேசினுக்குள்ள ஐஸ்தண்ணி விட்டு, அதுக்குள்ள ஏதனத்தை வைச்சுக் கிண்டினா இன்னும் கெதி. எங்கட வீட்டில ஆறு எவர்சில்வர் டப்பா இதுக்கெண்டே இருக்கு.

தாச்சி, 10.23
ஆறு டப்பாவோ! அதில ரெண்டு என்ர. பொங்கலுக்குச் சக்கரைப் புக்கை போட்டு அனுப்பினது, ஞாபகம் இருக்கோ? ஒண்டு மூடியில்லாமல் திரும்பி வந்தது, மற்றது வரவேயில்லை.

வெள்ளவத்தைவாசி, 10.25
இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

தாச்சி, 10.26
மூடியில்லாமல் நான் எதில கை வைச்சுப் பாக்கிறது?

தெமட்டகொட நானா, 10.31
இதுக்குத்தான் நாங்க ஐஸ்கிறீம் டப்பால குடுக்கிற. போனாப் போகட்டும். ஆனா அதுல சூட்டோட ஊத்திராதீங்க.

ஸ்காபரோ மருமகன், 10.48
57இல இருந்து 21. ஒருத்தரும் வாசிக்கேல்லைப் போல.

கொட்டாஞ்சேனை அக்கா, 11.16
தாச்சி அண்ணை, எட்டு மணிக்கு இறக்கின சருவம் இப்ப எங்க?

தாச்சி, 11.20
மேசையிலதான். மூடி ஆறிட்டுது. அகப்பையை நடுவில விட்டுப் பாத்தன், இன்னும் சுடுது. மூண்டு மணித்தியாலம் கழிச்சும் சுடுற கறியை உள்ளுக்கு வைக்கச் சொல்லுறீங்களே, இப்பவாவது விளங்குதோ?

கொட்டாஞ்சேனை அக்கா, 11.21
ஐயோ அண்ணை, நான் சொன்னதே அந்த நடுவைத்தான்!

வெள்ளவத்தைவாசி, 11.22
ரெண்டு மணித்தியாலம்!!

தாச்சி, 11.23
முதல்ல அந்த டப்பா மூடியைக் குடுத்துவிடும்.