எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து படிக்கும்போது நல் (null) லிஸ்ட் காலி லிஸ்டாக மாறுகிறது

கேள்வி:
டாட்நெட்டின் (.NET) எக்ஸ்எம்எல் சீரியலைசர் (நிரலின் தரவை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதித் திரும்பப் படிக்கும் கருவி), நல் மதிப்புள்ள, அதாவது இன்னும் உருவாக்கப்படவே இல்லாத லிஸ்டை எழுதாமல் விடுகிறது. ஆனால் திரும்பப் படிக்கும்போது காலி லிஸ்டைத் தருகிறது. இதனால், ஒவ்வாமை பற்றி இன்னும் கேட்கப்படாத நோயாளியும் (நல்) ஒவ்வாமையே இல்லாத நோயாளியும் (காலி லிஸ்ட்) ஒன்றாகிவிடுவது எனக்குப் பெரும் கவலையாக உள்ளது. இதைத் தவிர்ப்பது எப்படி?

பதில் 1:
உரிய எலிமென்ட் (எக்ஸ்எம்எல் குறிச்சொல்) கோப்பில் இல்லாவிட்டாலும் லிஸ்ட் வகைப் பிராப்பர்ட்டிக்குச் (கிளாஸில் உள்ள தரவு உறுப்புக்கு) சீரியலைசரே புதிய லிஸ்டை உருவாக்கிவிடும். அரேக்கு (array, நிலையான அளவுள்ள வரிசை) அவ்வாறு செய்வதில்லை. எனவே லிஸ்டின் மேல் எக்ஸ்எம்எல்இக்னோர் (XmlIgnore, இதைச் சீரியலைசர் கண்டுகொள்ள வேண்டாம் என்னும் குறி) இட்டு, அதே தரவை அரேயாகக் கொடுத்து வாங்கும் பொதுப் பிராப்பர்ட்டி ஒன்றைச் சேருங்கள். அதன் கெட் (மதிப்பைத் தரும் பகுதி), செட் (மதிப்பை வாங்கும் பகுதி) இரண்டும் நல் வந்தால் நல்லாகவே கடத்த வேண்டும். இதை மறப்பவர்களே அதிகம்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். எலிமென்ட் இல்லையெனில் நல், வெறும் எலிமென்ட் எனில் காலி லிஸ்ட் எனச் சரியாகப் பிரிந்து வருகிறது. மிக்க நன்றி.