ஒன்ராறியோ ஏரிக்கரையில் சினூக் சால்மன்: 200 டொலருக்குள் எவற்றை வாங்கலாம்?

கேள்வி — ஸ்காபரோவாசி

வணக்கம். ஊரில் தங்கூசியும் முள்ளும் கொண்டு கடல்மீன் பிடித்த பழக்கம் எனக்கு உண்டு. சால்மனை மட்டும் இதுவரை குறிவைத்ததில்லை. வரும் ஓகஸ்ட் கடைசியில் ரொறன்ரோப் பகுதியிலுள்ள பிளஃபர்ஸ் பார்க்கிலும் போர்ட் கிரெடிட்டிலும் கரையில் நின்றபடியே சினூக் பிடிக்க விரும்புகிறேன். என்னிடம் பாஸ் மீனுக்காக வாங்கிய ஆறரை அடிக் கோலும் 2500 அளவு ரீலும் உள்ளன. அவை போதுமா? போதாதெனில் கோல், ரீல், தூண்டில் நரம்பு, செயற்கை இரை அனைத்துக்கும் சேர்த்து 200 டொலருக்கு மேல் என்னால் செலவிட இயலாது. கடைச் சுவர் முழுக்கத் தொங்கும் ஸ்பூன்களில் (கரண்டி வடிவ உலோக இரைகளில்) உண்மையில் தேவையானவை எவை?

பதில் — ஏரிக்கரையான்

அந்த 2500 ரீலை இதற்குக் கொண்டுவர வேண்டாம். இந்த ஏரியில் முதிர்ந்த சினூக் 15 முதல் 25 றாத்தல் வரை இருப்பது சாதாரணம். முள் தைத்ததும் ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டர் நரம்பை உருவிக்கொண்டு போகக்கூடிய மீன் அது. அந்த நேரத்தில் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் ரீலின் பகுதி) திக்கித் திக்கி விட்டுக்கொடுத்தால், எவ்வளவு தடித்த நரம்பும் முடிச்சில் அறுந்துவிடும். ஆகவே உங்கள் பணத்தில் ஏறக்குறையப் பாதியை 4000 அளவுள்ள ஒரு நல்ல ரீலுக்கு ஒதுக்குங்கள். கடையிலேயே டிராக்கைச் சற்று இறுக்கி, ஸ்பூலை, அதாவது நரம்பு சுற்றும் உருளையை, கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தொடக்கத்தில் சிக்கி நின்று, பிறகு வெட்டிக்கொண்டு ஓடும் ரீலை, அதன் மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கோலில் சிக்கனம் பிடிக்கலாம். ஒன்பது அடி நீளமுள்ள, மீடியம் ஹெவி என்னும் ஓரளவு விறைப்பான வகையைச் சேர்ந்த, இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய சாதாரணக் கோல் போதும். நரம்பில் ஒரு வழி உண்டு: ஸ்பூலின் அடிப்பாதியை மலிவான நைலோன் தங்கூசியால் நிரப்பி, அதன் மேல் 30 றாத்தல் இழுவை தாங்கும் பின்னல் நரம்பை 150 மீட்டர் மட்டும் டபுள் யூனி முடிச்சால் இணைத்துச் சுற்றுங்கள். செலவு குறைவதோடு, வழுவழுப்பான ஸ்பூலில் பின்னல் நரம்பு பிடிமானமின்றி வழுக்குவதும் நின்றுவிடும். முனையில் 20 றாத்தல் ஃப்ளூரோகார்பன் (நீரில் எளிதில் தெரியாத நரம்பு) ஒரு மீட்டர் இருந்தால் சரி.

பதில் — விடியல்வீச்சு

ஸ்பூன்களைப் பற்றி நான் கூறுகிறேன். இங்கே சினூக்கின் முதன்மை உணவு அலைவைஃப் என்னும் வெள்ளி நிறச் சிறுமீன். ஆகவே அதன் அளவும் மினுக்கமும் கொண்ட, முக்கால் அவுன்ஸ் எடையுள்ள ஸ்பூனே கரையில் நின்று வீசுபவருக்கு ஏற்றது. லிட்டில் கிளியோ போன்ற பழைய வகைகள் இன்றும் குறைவின்றி மீன் தருகின்றன. வெள்ளியோடு நீலம் கலந்தது ஒன்று, பச்சை கலந்தது ஒன்று, இருளில் ஒளிரும் பூச்சுடையவை இரண்டு. இந்த நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒளிரும் ஸ்பூனைச் சில வீச்சுகளுக்கு ஒருமுறை டோர்ச் வெளிச்சத்தில் காட்டி, விடியலுக்கு முந்திய இருட்டில் மெதுவாகச் சுற்றி இழுக்க வேண்டும். முட்டையிட ஆற்றுவாயை நெருங்கும் சினூக் இரை தேடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது என்பதால், ஐந்தாவது நிறம் வாங்குவதைவிட இழுக்கும் வேகத்தையும் ஆழத்தையும் மாற்றிப் பார்ப்பதே பலன் தரும்.

பெயரில்லாத மலிவு ஸ்பூன்களையும் நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன். அவற்றில் பலவீனம் தகட்டில் இல்லை, வளையத்திலும் முள்ளிலும்தான் உள்ளது. மும்முள்ளையும் வளையத்தையும் கழற்றிவிட்டு, உறுதியான வளையத்தில் 1/0 அளவு சைவாஷ் முள்ளை (நீண்ட தண்டுள்ள ஒற்றை முள்) மாட்டுங்கள். பிறகு முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து இழுத்துப் பாருங்கள்: அது வழுக்கினால் அரத்தால் தீட்ட வேண்டும், நகத்தில் கொத்தி நின்றால் போதுமான கூர்மை உண்டு. கற்களில் உரசிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்தல் நலம்.

பதில் — கிரெடிட்_ஆறு

மேலே கூறியவை ஏரிக்குச் சரி. ஆனால் செப்டெம்பரில் நல்ல மழை பெய்து மீன் ஆற்றுக்குள் ஏறிய பிறகு ஸ்பூன் வாங்கிக் குவிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே கோலில் ஒரு மிதவை, சிறு ஈயங்கள், 12 றாத்தல் முனை நரம்பு, வலைத்துணியில் சுண்டைக்காய் அளவுக்குக் கட்டிய மீன்முட்டை ஆகியவை இருந்தால் போதும். இரை அடித்தரைக்குச் சற்று மேலே நீரோட்டத்தின் வேகத்திலேயே போகுமாறு மிதவையை ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வைத்துக்கொண்ட பெண்மீனின் முட்டையை உப்பிட்டுப் பதப்படுத்தினால், அடுத்த முறைக்கான இரைக்கு ஏறக்குறையச் செலவே இல்லை.

கேள்வி — ஸ்காபரோவாசி

அனைவருக்கும் நன்றி. ரீலுக்கு 90 டொலர் ஒதுக்கிவிட்டேன். வேறு ஏதாவது விடுபட்டுள்ளதா?

பதில் — ஏரிக்கரையான்

நீண்ட கைப்பிடியுள்ள வலை ஒன்று கட்டாயம் வேண்டும். உயரமான துறைச்சுவரின் மேல் நின்றுகொண்டு 20 றாத்தல் மீனை நரம்பைப் பிடித்துத் தூக்க முடியாது. பழைய வலை கிடைத்தால் அதுவே போதும்.

18 முதல் 64 வயது வரையான ஒன்ராறியோவாசிகளுக்கு மீன்பிடி அனுமதி தேவை. கன்சர்வேஷன் வகை அனுமதி விலை குறைந்தது. வைத்துக்கொள்ளக்கூடிய மீன்களின் எண்ணிக்கையும் அதில் குறைவு. மீனின் வாயில் அல்லாமல் உடம்பில் முள்ளைக் கொளுவி இழுப்பது சட்டவிரோதம். தற்செயலாக அப்படி மாட்டிய மீனையும் உடனே விட்டுவிட வேண்டும். ஆற்றில் இறங்கும் முன், அந்தப் பகுதி அப்போது திறந்திருக்கிறதா என்று மாகாண விதித்தொகுப்பில் பார்த்துவிடுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். மேற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ பலமான காற்று ஓரிரு நாள் தொடர்ந்து அடித்தால், மேலுள்ள வெதுவெதுப்பான நீர் நடு ஏரிக்குத் தள்ளப்பட்டு, ஆழத்துக் குளிர்நீர் நம் வடகரையோரம் மேலெழும். குளிர்நீரை விரும்பும் சினூக்கும் அதனோடு வீச்சுத் தூரத்துக்குள் வந்துவிடும். ஓகஸ்டில் அத்தகைய காற்று அடங்கியதும் வரும் விடியற்காலையில் பிளஃபர்ஸ் பார்க்குக்குப் போங்கள்.