புதுப்பிப்பு: லென்ஸ் குறைவான பென்டாக்ஸில் பணம் போடலாமா? வாங்கிட்டேனுங்க

பென்டாக்ஸ் கேமராவுக்கு லென்ஸ் கம்மியாத்தான் இருக்கு, அதுல பணம் போடலாமான்னு ஆடிக்கு முன்னாடி இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

பழைய பென்டாக்ஸ் கே-3 பாடி (லென்ஸ் இல்லாம கேமரா மட்டும்) வாங்கியாச்சு. "ஏற்கெனவே எடுத்த படங்களோட ஃபோக்கல் லென்த்தை, அதாவது லென்ஸ் எவ்வளவு கிட்ட இழுத்துக் காட்டுதுன்னு சொல்ற எம்எம் அளவைக் கணக்குப் பாருங்க"ன்னு ஒரு அண்ணா சொன்னதுதான் கைகொடுத்துச்சு. காங்கேயம் மாடுக, அந்தியூர் குதிரைச் சந்தை, எல்லாமே முக்கால்வாசி 35 எம்எம்முக்கும் 55 எம்எம்முக்கும் நடுவுல. அந்த அளவுக்கு லென்ஸுக்குப் பஞ்சமில்லை. கே மவுண்ட் (பென்டாக்ஸ்ல லென்ஸ் மாட்டுற இடம்) 1975-லிருந்து இருக்கிறதால பென்டாக்ஸோட பழைய எம் வரிசை 50 எம்எம் லென்ஸும் அப்படியே பொருந்துது.

எதிர்பாராதது: அதை மாட்டினா ஷட்டரே விழலை. பழுதுன்னு பயந்துட்டேன். கஸ்டம் மெனுவில், லென்ஸ்ல இருக்கிற அப்பர்ச்சர் வளையத்தை, அதாவது வெளிச்சம் வர்ற துளையைக் கூட்டிக் குறைக்கிற வளையத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுக்கணும். அப்புறம் எம் (மேனுவல்) மோடில் பச்சைப் பட்டனை அழுத்தினா ஷட்டர் வேகம் தானா அமையும். ஆன் பண்ணும்போது ஃபோக்கல் லென்த் கேட்கும். 50-ன்னு கொடுங்க, இல்லைன்னா நடுக்கத் தடுப்பு சரியா வேலை செய்யாது.

இந்த லென்ஸ்ல எடுத்த படத்துல, காளையோட திமில்ல ஒட்டின செம்மண் புழுதி பொடிப்பொடியா விழுந்திருக்கு, பார்த்துட்டே இருக்கலாம்!

பறவை எடுக்கிறவங்க மட்டும் யோசிங்க. நீளமான லென்ஸ் பழசுல கோயம்புத்தூர் முழுக்கத் தேடியும் எனக்குச் சிக்கலை.