நாலு கதிர் காட்டும் கறுப்புக்கல்

நகைக்கும் வெட்டும் டயொப்சைட் என்ற கனிமத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ரஷ்யாவின் பச்சைக் கல்லைத்தான் சொல்கிறார்கள். எனக்கு முதலில் பழக்கமானது கறுப்பு டயொப்சைட். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் எனக்குத் தெரிந்த, நகை செய்யும் பத்தர் ஐயா ஒருவரிடம் ஒரு மோதிரம் பழுதுபார்க்க வந்திருந்தது. கறுப்பு நட்சத்திர நீலக்கல் என்று யாரோ சொல்லி விற்றது. ஐயா அதை ஒற்றை மின்குமிழுக்குக் கீழே திருப்பிக் காட்டினார். கல்லின் மேல் நட்சத்திரம்போல நாலு ஒளிக்கதிர், அதாவது குறுக்கே வெட்டும் இரண்டு கோடுகள். ஒன்று கூர்மையாக, மற்றது கொஞ்சம் மங்கலாக, சரியான செங்கோணத்தில் வெட்டாமல் சாய்ந்து ஓடியது.

"உது நாமக்கல் பக்கத்துக் கல், பிள்ளை. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கோ" என்றார். கல்லைக் கழற்றி நூலில் தொங்கவிட்டு, பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனோம். கல் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது.

அதன் உள்ளே மாக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தின் ஊசிகள் இரண்டு திசைகளில் படிந்திருக்கின்றன. நாலு கதிரும் அதனால்தான், காந்தம் இழுப்பதும் அதனால்தான். நீலக்கல்லில் ஊசிகள் மூன்று திசைகளில் கிடக்கும், ஆறு கதிர் வரும். இவ்வளவு அழகான கல்லை இன்னொன்றின் பெயரில் விற்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. சொந்தப் பெயரிலேயே அதற்கு மதிப்பு உண்டு.

ஆனால் மோதிரத்துக்கு உகந்த கல் இல்லை. கீறலைத் தாங்கும் கடினம் மோஸ் அளவில் (10 தான் உச்சம்) 5.5 முதல் 6.5 வரைதான், நீலக்கல்லுக்கு 9. நம் தெருப் புழுதியில் கிடக்கும் குவார்ட்ஸ் மணலே 7, அதுவே கீறிவிடும். ஏறத்தாழச் செங்கோணத்தில் இரண்டு பிளவுத் தளங்கள், அதாவது எளிதில் பிளக்கும் திசைகள், வேறு இருப்பதால், பதிக்கும்போது ஒரு தட்டுக் கூடினாலும் வெடிக்கலாம். பதக்கம், தோடு என்றால் நல்லது.

பச்சைக் கல்லையும் பிறகு பார்த்தேன், கனடாவிலிருந்து வந்த உறவுக்காரரின் தோட்டில். ரஷ்யாவின் யாக்குத்தியாவில் எடுக்கும் குரோம் டயொப்சைட். மரகதம் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். லூப் என்ற சின்ன உருப்பெருக்கியால் மேலிருந்து பார்த்தால் அடிப்பக்கத்துப் பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தன. மரகதத்தில் அப்படித் தெரியாது. கல் பெரிதானால் பச்சை இருண்டு கறுத்துப்போகும், அதனால் சின்னதாக வெட்டுவதே வழக்கம். இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் மாங்கனீசால் நீல ஊதாவாகும் வயோலேன் என்ற டயொப்சைட் வகையை இன்னும் படத்தில்தான் கண்டிருக்கிறேன்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது நகைக்கு ஆகாத வகை. டொலமைட் என்ற மக்னீசியக் கனிமம் கலந்த சுண்ணாம்புக்கல்லில் சிலிக்காவும் இருந்து, ஆழத்தில் நன்றாகச் சூடேறினால், காபனீரொட்சைட்டு வெளியேறி டயொப்சைட் உருவாகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலக் கடலில் படிந்தது, அந்தச் சூட்டைக் கண்டதே இல்லை. அதனால் எங்கள் கிணறுகளை எவ்வளவு வெட்டினாலும் இது கிடைக்காது. மாத்தளை, கண்டிப் பக்கத்துப் பளிங்குக்கல் அந்தச் சூட்டில் வெந்தது; அதில் புளோகோபைட் என்ற மைக்கா வகையோடு டயொப்சைட் வெளிர்பச்சை மணிகளாக இருக்கும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தெருவோர வெட்டுகளைக் கவனியுங்கள். ஒரு சொட்டு வினாகிரி விட்டால் பளிங்கின் வெள்ளைக் கனிமமான கல்சைட் நுரைக்கும், பச்சை மணி அசையாது. ஃபோர்ஸ்டரைட் என்ற இன்னொரு கனிமமும் இதேபோல் இருக்கும், அதனால் உடைந்த இடத்தில் படிபோல் தட்டையான இரண்டு தளங்கள் ஏறக்குறையச் செங்கோணத்தில் சந்திக்கின்றனவா என்று லூப்பால் பாருங்கள்; சந்தித்தால் டயொப்சைட். கண்டால் வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கோ.