சூப்பர்சார்ஜர் வண்டிக்கு ஹெடர் மாற்றியவர்களின் அனுபவங்கள்

6.2 லிட்டர் வி8, ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர்

வணக்கம் நண்பர்களே. சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜின் பெல்ட்டால் சுழன்று, காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி; அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். ஹெடர் என்பது ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனித்தனிக் குழாயில் வெளியே கொண்டுபோகும் தொகுதி. அதை மாற்றிய கையோடு பலரும் பதறுவது பூஸ்ட் மீட்டரைப் பார்த்துத்தான். வண்டியோடு வந்த கம்பெனி புகை மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு நீளக் குழாய் ஹெடர் போட்டோம். புல்லியையோ பெல்ட்டையோ தொடவே இல்லை. பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தால் பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐக்கு (அழுத்த அலகு) மேல் இறங்கியிருக்கிறது, சக்கரத்தில் வரும் பவரோ ஏறியிருக்கிறது.

இது கோளாறு இல்லை. ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ என்ற இரண்டு சூப்பர்சார்ஜர் வகைகளும் ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளுபவை. இன்ஜின் விழுங்க முடியாமல் இன்டேக்கில் தேங்கும் காற்றின் அழுத்தத்தைத்தான் மீட்டர் காட்டுகிறது. புகை தடையில்லாமல் வெளியேறினால் சிலிண்டரில் எரிந்த வாயு மிச்சம் நிற்பது குறையும், புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும், தேக்கம் வடியும். சூப்பர்சார்ஜரைச் சுழற்ற கிராங்க் கொடுக்கும் பவரும் குறைகிறது, உள்ளே போகும் காற்றின் சூடும் தணிகிறது. இழந்த பூஸ்டைத் திரும்பப் பிடிக்க, சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுழற்றும் சின்ன புல்லி போடலாம். ஆனால் முதலில் பெட்ரோலும், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அதற்குத் தாங்குமா என்று பாருங்கள்.

குழாயின் விட்டத்துக்கு நான் போட்ட கணக்கு இது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதன்மேல் 10 பிஎஸ்ஐ பூஸ்ட் ஏறினால் மொத்த அழுத்தம் கிட்டத்தட்ட 1.7 மடங்கு. சூட்டால் வரும் இழப்பைக் கழித்தாலும் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உள்ளே போகிறது. அப்படியென்றால் 6.2 லிட்டர் இன்ஜின் 9 லிட்டர் இன்ஜினுக்கு உரிய புகையை வெளியே தள்ளுகிறது. அதனால்தான் 1.75 அங்குலத்தை விட்டுவிட்டு 1.875 எடுத்தேன். வித்தியாசம் அரைக்கால் அங்குலம்தான், ஆனால் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 15 சதவீதம் கூடிவிடுகிறது. 2 அங்குலத்தையும் பலர் சிபாரிசு செய்தார்கள். பூஸ்டை இன்னும் பெரிதாக ஏற்றும் திட்டம் இருந்தால் அது சரி. எனக்கு அந்தத் திட்டம் இல்லை.

சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர், 5 லிட்டர்

மேலே எழுதிய நண்பர் சொன்னது சரிதான், என் வகைக்கு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விசிறி மாதிரிச் சுழன்று காற்றைத் தள்ளும் சென்ட்ரிஃபியூகலில், ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) கூடக் கூடத்தான் பூஸ்ட் ஏறும். கீழ் ஆர்பிஎம்மில் வண்டி கிட்டத்தட்ட சாதாரண இன்ஜின் மாதிரியே ஓடுகிறது. அந்த இடத்தில் புகையின் வேகம்தான் அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் 1.75 அங்குலத்திலேயே நின்றேன். சிக்னலில் இருந்து கிளம்பும்போது இருந்த இழுவை கொஞ்சமும் குறையவில்லை.

வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை மாற்றியவர்கள் ஓவர்லேப்பையும், அதாவது இன்டேக், புகை வால்வுகள் இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரத்தையும் பாருங்கள். அந்த நேரத்தில் பூஸ்ட் புதுக் காற்றை நேராகப் புகைக்குழாய்க்குள் தள்ளிவிடும். நல்ல ஹெடர் அதை இன்னும் கூட்டும். ஓவர்லேப் குறைவான கேம்தான் பூஸ்டுக்குப் பொருந்துகிறது.

ரூட்ஸ் வகை, வண்டியை நானே பிரித்துப் பூட்டுபவன்

பவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள், நான் பொருத்துவதைப் பற்றி எழுதுகிறேன். பழைய போல்ட்களைக் கழற்றும் முன்பே ஊடுருவும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விடுங்கள். பின்பக்கக் கோடியில் இருக்கும் போல்ட்தான் பெரும்பாலும் முறியும், அங்கே டிரில் நுழையவும் இடம் கிடையாது. என் வண்டியில் ஒன்று முறிந்து, ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று.

ஃபிளாஞ்ச் (ஹெடரை இன்ஜினோடு போல்ட் பூட்டும் தகடு) கனமாக இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். மெலிந்த ஃபிளாஞ்ச் சூட்டில் வளைந்து கேஸ்கட்டைத் தின்னும். 304 ஸ்டெய்ன்லெஸ் துருவுக்கு அசையாது, ஆனால் சாதாரண இரும்பைவிடச் சூட்டில் அதிகம் விரியும். நீட்டச் சுருங்க வழியில்லாமல் இறுக்கிப் பூட்டினால் வெல்டில் விரிசல் விடும். சாதாரண இரும்பு வாங்கினால் உள்ளும் வெளியும் செராமிக் கோட்டிங் இருக்கட்டும். அதன்மேல் துணிப்பட்டை சுற்றாதீர்கள், ஈரம் தங்கி அரித்துவிடும். கேஸ்கட் பல அடுக்கு ஸ்டீலாக இருக்க வேண்டும், பேப்பர் கேஸ்கட் பூஸ்ட் வண்டிக்கு ஆகாது. சில முறை ஓடிச் சூடேறி ஆறிய பிறகு போல்ட்களின் இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார், பிளக் வயர், ஸ்டியரிங் ஷாஃப்ட் மூன்றுக்கும் குழாயோடு எவ்வளவு இடைவெளி என்று வண்டியைத் தூக்கி வைத்தே அளந்துவிடுங்கள்.

கசிவுதான் எனக்குப் பெரிய பயம். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும், புகைத் துடிப்புகளின் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் ட்யூனிங், அதாவது இசியுவின் பெட்ரோல் கணக்கான மேப்பைத் திருத்துவது. ட்யூனிங் முடியும்வரை முழு பூஸ்டில் மிதிக்கவே மிதிக்காதீர்கள். காற்றோட்டம் மாறிய இன்ஜினைப் பழைய மேப்பில் ஓட்டிக் கலவை மெலிந்தால் பிஸ்டன் போய்விடும்.

தினசரி ஓட்டும் வண்டி

நான் குட்டைக் குழாய் ஹெடரோடு நிறுத்திக்கொண்டேன். பவர் கொஞ்சம்தான் கூடியது. நீளக் குழாய் போட்டால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இன்ஜினை விட்டுத் தள்ளிப்போகும், குளிரில் கிளம்பும்போது சூடாகி வேலையைத் தொடங்கத் தாமதமாகும். சென்சார் வயரையும் நீட்ட வேண்டும். புகைச் சோதனை கட்டாயமான வண்டி என்பதால் கன்வெர்ட்டரை இருந்த இடத்திலேயே விட்டேன். அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. நீளக் குழாய்தான் வேண்டும் என்பவர்கள் ஹை ஃப்ளோ (புகைக்குத் தடை குறைந்த) கன்வெர்ட்டரோடு சேர்ந்த செட்டாகப் பாருங்கள், அதற்கு உங்கள் நாட்டில் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.