சிகாகோ ஐரிஷ் பப்புகளில் கேட்டதும் கண்டதும்

சிகாகோவின் ஐரிஷ் பப்புகளுக்கு, அதாவது அயர்லாந்து வழிவந்தவர்களின் மதுக்கூடங்களுக்கு, போய்வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பதினொரு ஆண்டுகளாக இந்த நகரத்தில் வசிக்கிறேன். அதில் ஏழு ஆண்டுகளாக, ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் நகரின் வடமேற்குப் பகுதியில் ஒரு பப்பில்தான் இருப்பேன். மது அருந்தும் பழக்கம் எனக்கு இல்லை. போவது இசைக்காக.

முதல் முறை போனது ஒரு ஜனவரி மாலை. பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அந்தக் குளிரில் ஐந்து நிமிடம் நிற்பதே பெரும்பாடு. எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒரு கதவைத் திறந்தபோது உள்ளிருந்து வயலின் ஒலி தெருவுக்கு வந்தது. கும்பகோணத்தில் எட்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை வயலின் கற்றவள் நான். இங்கு வந்த பிறகு அந்தப் பெட்டி அலமாரியின் மேல்தட்டிலேயே கிடந்தது. கதவு மூடுவதற்குள் தெருவைக் கடந்துவிட்டேன்.

உள்ளே மூலையில் வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்று காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்து கேட்கலாம் என்று அதில் உட்கார்ந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்தது முடிந்ததும், மரப் புல்லாங்குழல் வைத்திருந்த ஓர் அம்மா என் பக்கம் குனிந்து, "இது வாசிக்கிறவர்கள் உட்காரும் இடம். இதோ இந்தப் பெஞ்சுக்கு வாருங்கள், இங்கே இன்னும் நன்றாகக் கேட்கும்" என்று தன் கோட்டை எடுத்து இடம் ஒதுக்கித் தந்தார். அந்தக் காலி நாற்காலி ஒரு முதியவருக்கானது. அவர் வராத நாளிலும் அதில் யாரும் உட்காருவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இதை அவர்கள் செஷன் என்கிறார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. எட்டு ஒன்பது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கேட்பவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் முதுகுதான். ஃபிடில் என்று அவர்கள் சொல்லும் வயலின் இரண்டு மூன்று, புல்லாங்குழல், தகர விசில், கைக்குள் அடங்கும் கான்செர்ட்டினா, முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இலன் பைப், பெரிய கஞ்சிரா போன்ற பௌரான். ஒருவர் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு மெட்டைத் தொடங்குவார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர்கள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். எவ்வளவு தேர்ந்த கைக்காரராக இருந்தாலும் தெரியாத மெட்டில் கைவைப்பதில்லை. அந்த ஒழுங்கு என்னை அன்றே கட்டிப்போட்டுவிட்டது.

மேசைக்கு அடியில் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். ஜிக் என்ற நடன மெட்டு தகிட தகிட என்று ஓடுகிறது. ரீல் என்ற இன்னொரு வகை, தகதிமி. ஸ்லிப் ஜிக் என்று ஒன்று உண்டு. மூன்று தகிட சேர்ந்து ஒன்பதாக வரும். அதைக் கேட்டுவிட்டுக் கால் அசையாமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை. ஒரு மெட்டைப் பெரும்பாலும் மூன்று முறை வாசித்து, நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். அந்தத் தாவலில் யாராவது ஒருவர் "ஹப்!" என்று குரல் கொடுப்பார். நம் கச்சேரியில் 'சபாஷ்' விழும் இடம் அது.

எதிரில் கல்லாவில் கின்னஸ் என்ற கறுப்பு பீரை ஊற்றும் இளைஞரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கோப்பையை முக்கால் அளவு நிரப்பி அப்படியே வைத்துவிடுவார். நுரைக்குமிழிகள் கண்ணாடி ஓரமாகக் கீழ்நோக்கி இறங்கும். மேலே ஏற வேண்டியவை ஏன் இறங்குகின்றன என்று முதல் நாள் வெகுநேரம் பார்த்தேன். கருமை தெளிந்த பிறகுதான் மீதியை ஊற்றுவார். இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் வாடிக்கையாளரின் தாயார் உடல்நலம், மகனின் தேர்வு எல்லாம் விசாரித்து முடித்திருப்பார். எனக்கு மட்டும் கேட்காமலே பாலும் கடுந்தேநீரும் வந்துவிடும். ஐரிஷ்காரர்கள் தேநீர் குடிப்பதில் நமக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் அல்லர்.

சுவரில் சீருடை அணிந்த, மீசை வைத்த ஒருவரின் படம் மாட்டியிருக்கிறது. அவர் யார் என்று கேட்டதற்குப் புல்லாங்குழல் அம்மா ஒரு மாலை முழுவதும் பதில் சொன்னார். ஃபிரான்சிஸ் ஓநீல். பஞ்சம் அயர்லாந்தைத் தின்றுகொண்டிருந்த 1848இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் கப்பலேறி, உலகைச் சுற்றி, கடைசியில் சிகாகோ வந்து 1873இல் போலீஸில் சேர்ந்தார். 1901இல் இந்த நகரத்தின் போலீஸ் தலைவரானார். சிறு வயதில் ஊரில் கேட்ட மெட்டுகள் நூற்றுக்கணக்கில் அவர் நினைவில் இருந்தன. அவற்றை ஸ்வரப்படுத்தி எழுதும் பயிற்சி மட்டும் இல்லை. அதே போலீஸ் துறையில் ஜேம்ஸ் ஓநீல் என்ற ஃபிடில்காரர் இருந்தார். உறவு ஒன்றுமில்லை, பெயர்தான் ஒன்று. ஃபிரான்சிஸ் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் எழுதினார். நகரத்தில் இருந்த மற்றக் கலைஞர்களிடமும் தேடித் தேடிக் கேட்டு எழுதினார்கள். 1903இல் 1850 மெட்டுகளுடன் ஒரு தொகுப்பு வந்தது. 1907இல் நடன மெட்டுகள் மட்டும் 1001 கொண்ட இன்னொன்று.

இது ஏன் அயர்லாந்தில் நடக்காமல் சிகாகோவில் நடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். கெர்ரி மாவட்டத்துக்காரரும் மேயோ மாவட்டத்துக்காரரும் சொந்த நாட்டில் ஒருவரை ஒருவர் சந்தித்திருக்க வாய்ப்பே இல்லை. பஞ்சமும் பிழைப்பும் துரத்தி, இங்கே பக்கத்துப் பக்கத்துத் தெருவில் கொண்டுவந்து சேர்த்தன. அவரவர் ஊர் மெட்டு இங்கே ஒரே அறையில் ஒலித்தது. இன்று அயர்லாந்தில் வாசிக்கிறவர்களும் அந்தத் தொகுப்புகளைப் புரட்டுகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஒரு மாலையை மறக்கவே முடியாது. மேற்கு அயர்லாந்தின் கானமாரா பகுதியிலிருந்து வந்த, எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், இரண்டு மெட்டுகளுக்கு இடையே கண்ணை மூடிக்கொண்டு ஐரிஷ் மொழியில் பாடத் தொடங்கினார். துணைக்கருவி எதுவும் இல்லை. கல்லாவில் இருந்தவர் பணப்பெட்டியை மூடிய கையை எடுக்காமல் அப்படியே நின்றார். தட்டு எடுத்துக்கொண்டிருந்த பெண் அசையவில்லை. பாட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைப் பற்றி, கிணற்று ராட்டினத்தைச் சுற்றுவது போல மெல்ல, மிக மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். பாடுகிறவருக்குத் துணையாக இருக்கும் பழைய வழக்கமாம் அது. ஒரு சொல் புரியாமல் நான் அழுதேன்.

மூன்றாம் ஆண்டில்தான் என் வயலினை எடுத்துக்கொண்டு போனேன். ச-ப-ச-ப என்று சேர்த்திருந்த தந்திகளை அவர்கள் சுருதிக்கு மாற்ற வேண்டியிருந்தது. கணுக்காலில் ஊன்றி வாசித்தவளுக்குத் தோளில் வைப்பது புதுப் பழக்கம். பெஞ்சில் காலை மடித்து உட்கார்ந்து என் வழியிலேயே வாசித்துக்கொள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மெதுவான ஒரு ஜிக்கை வாசித்தேன். முடித்ததும் அந்த முதியவர், அந்த நாற்காலிக்காரர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போகிறாயே, அது மிக அழகாக இருக்கிறது. ஆனால் இந்த மெட்டில் அது வேண்டாம்" என்றார். அவர் விரல் நுனியை மின்னலாகத் தூக்கி வைத்து ஒரே ஸ்வரத்தைச் சுழற்றும் 'ரோல்' என்ற அணியை எனக்குக் காட்டினார். கமகத்துக்குப் பழகிய விரலுக்கு அது வர எட்டு மாதம் ஆயிற்று.

*

அக்கா, உங்கள் பதிவை இரவுப் பணி முடிந்து வந்து படித்தேன். நான் இருப்பது நகரின் தெற்குப் பகுதி, பெவர்லிக்குப் பக்கம். மருத்துவமனையில் செவிலியர். எனக்கு இசை தெரியாது; எனக்குத் தெரிந்த ஐரிஷ் பப் வேறு மாதிரியானது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே உடன் பணிபுரியும் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு எந்தப் பங்கு?" பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கத் தேவாலயமும் அதைச் சேர்ந்த மக்களும். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி வீட்டு வாசலில் நின்று கேட்டதுபோல் இருந்தது. தெற்குப் பகுதி ஐரிஷ் கத்தோலிக்கர்கள் தெருப் பெயரைச் சொல்லி இருப்பிடம் காட்டுவதில்லை. பங்கின் பெயரைத்தான் சொல்கிறார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தானே!

அவளுடைய கணவர் தீயணைப்பு வீரர். அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த மாதம், வெஸ்டர்ன் அவென்யூவில் ஒரு பப்பின் பின்கூடத்தில் 'பெனிஃபிட்' வைத்தார்கள். ஒரு குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தால் அக்கம்பக்கத்தார் கூடிப் பணம் திரட்டும் மாலை அது. நுழைவுக் கட்டணம் கொடுத்தால் சாப்பாடு. கார்ன்ட் பீஃப் என்ற, உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. ஈஸ்ட் போடாமல் மோரும் சோடா மாவும் கலந்து சுட்ட சோடா ரொட்டியை வீட்டுக்கு வீடு செய்து துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கார்ன்ட் பீஃப் அயர்லாந்தின் பழைய உணவு இல்லையாம், அங்கே பன்றி இறைச்சிதான். அமெரிக்கா வந்த பிறகு மாறியது என்று ஒரு பாட்டி எனக்குச் சொன்னார்.

பிறகு சீட்டுக் குலுக்கல். சேர்ந்த பணத்தில் பாதி குலுக்கலில் விழுந்தவருக்கு, பாதி குடும்பத்துக்கு. விழுந்தவர் ஒரு குழாய்ப் பணியாளர், கையில் இன்னும் வேலைக் கறை. சீட்டை உயர்த்திக் காட்டினார். பணத்தைக் கொடுத்தவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு கைதட்டல்கூட இல்லை, யாரும் அதைப் பெரிதாகப் பேசவும் இல்லை. அடுத்த சீட்டைக் குலுக்கினார்கள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அவர் பதினான்கு மாதம் கழித்து இறந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் அதே கூடத்துக்குத்தான் வந்தோம். இரவு வரை அவரைப் பற்றிய கதைகள். மனைவி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

*

நான் இருபது ஆண்டுகளுக்கு முன் வந்தவன். ஐரிஷ்காரர்களின் செயின்ட் பாட்ரிக் திருநாளையொட்டி மார்ச் மாதம் சிகாகோ ஆற்றுக்குப் பச்சை நிறம் கலப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 1962இல் தொடங்கியது. அதைச் செய்வது குழாய்ப் பணியாளர்களின் சங்கம். ஆற்றில் கழிவுநீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சாயத்தைப் பயன்படுத்தியவர்கள் அவர்கள். அந்த வேலையிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது. முதல் ஆண்டு 100 பவுண்டு கொட்டியதில் ஒரு வாரம் பச்சை போகவில்லையாம். இப்போது தாவரப் பொருளில் செய்த தூள், அளவும் பாதிக்குக் கீழ்.

பாலத்தில் முன்வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். படகில் இருப்பவர்கள் சமையலறையில் மாவு சலிக்கும் சல்லடையால் தூளைத் தூவுகிறார்கள். தூளின் நிறம் ஆரஞ்சு! தண்ணீரில் பட்டதும் பச்சை. பின்னாலேயே இன்னொரு படகு வந்து கலக்கிவிடுகிறது.

அந்தக் கூட்டம் பெரிது, குடித்துத் தள்ளாடும் இளைஞர்களும் அதிகம். எனக்குப் பிடித்தது அதே திருநாளுக்காகத் தெற்குப் பகுதியில் நடக்கும் ஊர்வலம்தான். 1979இல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தெருவைச் சுற்றி நடந்ததில் தொடங்கியது. கூட்டமும் குடியும் கட்டுக்கடங்காமல் போனதால் 2009க்குப் பிறகு நிறுத்திவிட்டு, 2012இல் கடுமையான கட்டுப்பாடுகளுடன் மறுபடி தொடங்கினார்கள். நிறுத்தத் துணிந்ததற்காகவே அந்த மக்கள்மேல் எனக்கு மரியாதை.

வயலின் அம்மாவிடம் ஒரு கேள்வி. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, நான்கு ஆண்டாக வயலின் கற்கிறாள். அவளை அங்கே அழைத்து வரலாமா?

*

தாராளமாக அழைத்து வாருங்கள். முதலில் மேஃபேரில் உள்ள ஐரிஷ் அமெரிக்கப் பாரம்பரிய மையத்துக்குப் போங்கள். பழைய கல்லூரிக் கட்டடம். நூலகம், நடன வகுப்பு, அரங்கு, உள்ளேயே ஒரு பப் எல்லாம் உண்டு. பிள்ளைகள் ஓடியாடும் இடம், அவளுக்குக் கூச்சம் இருக்காது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் செஷனுக்கு வரலாம். சாப்பாடும் பரிமாறும் இடம். ஆனால் பிள்ளைகளை எத்தனை மணி வரை அனுமதிப்பார்கள் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், பப்புக்குப் பப் வேறுபடும்.

வயலினைக் கொண்டுவரட்டும். முதல் இரண்டு மூன்று வாரம் பெட்டியைத் திறக்க வேண்டாம், கேட்கட்டும். செல்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் வாசிப்பவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பெஞ்சில் என் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன். சன்னலுக்கு அருகில் உள்ள நாற்காலியில் மட்டும் உட்கார வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். பெரியவர் இப்போது மாதம் ஒருமுறைதான் வருகிறார்.