கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு சைக்கிளில் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். 2022இல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் சைக்கிள் வாங்கினேன். அப்போது காலி வீதியே (Galle Road) எங்களுடையது போல இருந்தது. இப்போது நான் ஏதோ இடைஞ்சல் மாதிரி ஹோர்ன் அடிக்கிறார்கள். நேற்று பம்பலப்பிட்டியில் ஒரு காரின் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் உரசியது. ஓட்டியவர் நிறுத்தி, "ஓரமாகப் போகத் தெரியாதா?" என்று ஏசிவிட்டுப் போனார். ஓரத்தில் எங்கே இடம்? நிறுத்திய கார்கள், திடீரென்று திறக்கும் கதவுகள், ஆளை ஏற்ற இடதுபக்கம் வெட்டும் பஸ்.

எங்கள் பக்கமும் பிழை இல்லாமல் இல்லை. கார் ஓட்டும் என் தம்பி, "இருட்டில் லைட் இல்லாமல், எதிர்ப்பக்கமாக வருகிறீர்களே" என்கிறான். சரிதான், வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடலோர வீதியான மரைன் டிரைவால் போகலாமா? காலை ஏழரைக்கு அங்கே வாகனங்கள் எப்படி, கடல் காற்று எதிரே அடிக்குமா? உள் ஒழுங்கைகளால் போகிறவர்கள் எந்த வழியாகப் போகிறீர்கள்? அப்புறம், பிரகாசமான பின் லைட் நியாயமான விலைக்கு எங்கே வாங்கலாம்? கார் ஓட்டுகிறவர்களும் சொல்லுங்கள்: வீதியில் நான் எந்த இடத்தில் போனால் உங்கள் கண்ணில் படுவேன்?